உங்களுக்குத் தெரியுமா? – பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் கைநூல்

புதுக் கல்குலேட்டர் வாங்கியதும் மூடியைக் கழற்றி விசைகளை அழுத்திப் பார்க்கிறோம். பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் பெட்டியோடே போய்விடுகிறது. வரைபு வரையும் விலையுயர்ந்த கல்குலேட்டருக்கும், பேசாலைப் படகில் பூட்டிய ஜி.பி.எஸ். கருவிக்கும் இதே கதிதான். அந்தத் தாளை யாராவது படிக்கிறார்களா? படிக்காமல் விட்டால் எதை இழக்கிறோம்? மன்னார்க் கரையிலிருந்தே பார்க்கத் தொடங்குவோம்.

மன்னாருக்கென்று ஒரு சூத்திரம்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நல்முத்துகளுக்கு விலை வைத்தது ‘செவ்வு’ என்ற கணக்கால். முத்தை மஞ்சாடி நிறையில் நிறுப்பார்கள். 20 மஞ்சாடி சேர்ந்தது ஒரு கழஞ்சு. நிறையை அதே நிறையால் பெருக்கி, வந்ததை மூன்றால் பெருக்கி, நான்கால் வகுத்தால் அந்த முத்தின் செவ்வு கிடைக்கும். 2 மஞ்சாடி முத்துக்கு 3 செவ்வு. 4 மஞ்சாடி முத்துக்கு 12 செவ்வு. நிறை இரண்டு மடங்கானால் பெறுமதி நான்கு மடங்காகும். பெரிய முத்து எவ்வளவு அரிது என்ற சந்தை அறிவு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அதே கணக்கை வரைபுத் திரையில் போட்டால்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 போன்ற கருவியில் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். கிடையாகவும் நிலைக்குத்தாகவும் −10 முதல் 10 வரை காட்டுவதே அதன் வழக்கமான திரையளவு. செவ்வு வளைகோடு மூன்றரை மஞ்சாடியைத் தாண்டியதும் திரையின் மேல்விளிம்பைக் கடந்து மறைந்துவிடும். 4 மஞ்சாடி முத்தின் 12 செவ்வு கண்ணிலேயே படாது. கருவி பழுது என்று பிள்ளை நினைக்கும். கிடையச்சை 0 முதல் 10 வரையும், நிலைக்குத்தச்சை 0 முதல் 75 வரையும் மாற்றினால் முழு வளைகோடும் வந்து நிற்கும். அதை எந்த விசையில் மாற்றுவது என்பது கைநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கிறது.

கைநூல் வேண்டாத கருவி

முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் ‘பெட்டி’. துளைகளின் எண்ணிக்கை முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை கூடக் கூட அதன் அகலம் குறையும். 20 துளைப் பெட்டியில் தங்குவது பெருமுத்து, 1000 துளைப் பெட்டியில் தங்குவது பொடிமுத்து. கருவியின் அமைப்பே அதன் பயன்பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இன்றைய வடிவமைப்பாளர்கள் தேடி அலைவதும் இதைத்தான்.

முதல் வரைபுக் கல்குலேட்டர்

1985இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி தான் உலகின் முதல் வரைபுக் கல்குலேட்டர். நிரல் எழுதி வைக்க அதில் இருந்த இடம் 422 பைற்று. இந்தப் பத்தியின் ஒரு துணுக்கைக்கூட அதற்குள் முழுதாக அடக்க முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990இல் டிஐ-81உடன் களத்தில் இறங்கியது.

படிக்கிறார்களா, இல்லையா?

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலெத்தியா பிளாக்லர் குழுவினர் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 7 ஆண்டுகளில் 170 பேரிடம் வினாக்கொத்து கொடுத்துக் கேட்டார்கள். இன்னும் 15 பேரை நாட்குறிப்பு எழுதவைத்தும் நேர்கண்டும் மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பெரும்பாலானோர் கைநூல் படிப்பதில்லை. தாங்கள் நாளாந்தம் பாவிக்கும் கருவியின் எல்லா வசதிகளையும் அவர்கள் பயன்படுத்துவதும் இல்லை. நடுவயதினரையும் முதியோரையும் விட இளையோர் குறைவாகப் படிக்கிறார்கள். கல்வி கூடியவர்களும் குறைவாகவே படிக்கிறார்கள். நமக்குத் தெரியாததா என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

சோம்பல் மட்டும் காரணமில்லை

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வு செய்த ஜோன் கரோல் இதற்கு விளக்கம் தந்தார். கருவியைக் கையில் எடுப்பவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அதை முடிப்பதில்தான் அவர் மனம் நிற்கும், கருவியைப் பற்றிப் படிப்பதில் நிற்காது. அதனால் தடித்த கைநூலைக் குறைத்து, உடனே செய்து பார்க்கும் பயிற்சியை முன்வைத்து, தவறு நேர்ந்தால் மீளும் வழியையும் சேர்த்துக் ‘குறுங்கைநூல்’ என்ற முறையை உருவாக்கினார். அதுபற்றிய அவருடைய நூல் 1990இல் வந்தது. டிஐ-83 கைநூலும் நூற்றுக்கணக்கான பக்கம் கொண்டதுதான். ஆனால் முதலில் இதைச் செய்து பார் என்று சொல்லும் ஒரு பகுதியோடுதான் அது தொடங்குகிறது.

30இன் சைன் எவ்வளவு?

0.5 என்று நாம் சொல்வோம். கல்குலேட்டர் ஆரையனில் நின்றால் −0.988 என்று காட்டும். கருவி பிழை விடவில்லை, 30 பாகையை 30 ஆரையன் என்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பாகையில் நிற்கிறதா ஆரையனில் நிற்கிறதா என்பதைப் பல கல்குலேட்டர்களில் திரையின் மேலோரத்தில் ஒரு சிறு குறி காட்டிக்கொண்டே இருக்கும். திரிகோண கணிதம் செய்யும் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலில் 30இன் சைனைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் இந்தப் பிழை வராது.

கழித்தலுக்கு இரண்டு விசைகள்

கல்குலேட்டரில் கழித்தல் விசை ஒன்று, மறை எண்ணுக்கான விசை இன்னொன்று. முந்திய விடை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து −3 என்று தொடங்கக் கழித்தல் விசையை அழுத்தினால் கருவி முந்திய விடையிலிருந்து 3ஐக் கழித்து 2 என்று காட்டும். அடைப்புக்குறி போடாமல் −3²  என்று கொடுத்தால் விடை −9. (−3)² என்று கொடுத்தால்தான் 9. இரண்டும் கைநூலில் தெளிவாக உள்ள விடயங்கள்.

ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்

6÷2(1+2) என்பதை காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கருவியில் கொடுத்தால் 1 வரும். டிஐ-84இல் கொடுத்தால் 9 வரும். பெருக்கல் குறி போடாமல் எழுதிய பெருக்கத்துக்கு காசியோ முன்னுரிமை தருகிறது. டிஐ-84 இடமிருந்து வலமாகப் போகிறது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு: டிஐ-82 முன்னுரிமை கொடுத்தது, டிஐ-83 கொடுக்கவில்லை. எது எப்படிக் கணிக்கும் என்பதை அந்தந்தக் கைநூலின் ‘கணிப்பு ஒழுங்கு’ அட்டவணை சொல்லும். அதைத் தேடிப் பார்க்க நேரமில்லையென்றால் அடைப்புக்குறியைத் தாராளமாகப் போடுங்கள். எந்தக் கருவியும் அதை மீறாது.

மூடிக்குள் ஒரு சிறு நூலகம்

எஃப்எக்ஸ்-991எம்எஸ், 991இஎஸ் வகைக் கல்குலேட்டரின் மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? 40 விஞ்ஞான மாறிலிகளின் பட்டியல் அங்கே ஒட்டியிருக்கும். எஃப்எக்ஸ்-991எம்எஸ்ஸில் 28 என்ற எண்ணுக்கு ஒளியின் வேகம், 35க்குப் புவியீர்ப்பு ஆர்முடுகல். பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

அந்த மூடி மண்டபத்துக்குள் போகாது

பிரித்தானியாவில் உயர்தரக் கணிதப் பரீட்சையில் வரைபுக் கல்குலேட்டருக்கு அனுமதி உண்டு. ஆனால் சூத்திரமோ பாவனைக் குறிப்போ அச்சிட்ட மூடியையும் உறையையும் உள்ளே கொண்டுபோக முடியாது. சேமித்து வைத்த தகவலையும் அழித்துவிட வேண்டும். லண்டனில் பரீட்சை எழுதும் நம் உறவுப் பிள்ளைகள் கைநூலைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அமெரிக்காவில் ஏ.பி. கல்குலஸ் பரீட்சையின் சில பகுதிகளுக்கு 1995இல் வரைபுக் கல்குலேட்டர் கட்டாயமானது.

நம் பிள்ளைகளின் கருவி: மடக்கை அட்டவணை

மன்னாரில் சாதாரண தரக் கணிதம் எழுதும் பிள்ளைக்குக் கல்குலேட்டர் இல்லை. மடக்கை அட்டவணையும் வரைபுத்தாளும்தான். 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771. இரண்டையும் கூட்டினால் 0.7781, அது ஏறத்தாழ 6இன் மடக்கை. பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்தக் கருவியை ஸ்கொட்லாந்தின் ஜோன் நேப்பியர் 1614இல் உலகுக்குத் தந்தார். அவருடைய நூலில் அட்டவணை 90 பக்கம், அதை எப்படிப் பாவிப்பது என்ற விளக்கம் 57 பக்கம். கருவியையும் கைநூலையும் ஒரே கட்டாகக் கொடுத்த மனிதர் அவர். வளைகோட்டைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக் கையால் வரைந்து பழகிய பிள்ளைக்கு வரைபுக் கல்குலேட்டரின் திரை பிறகு எளிதில் புரியும்.

எழுதாத கைநூல்: அண்ணாவும் அக்காவும்

எந்த விசையை எதற்குப் பிறகு அழுத்துவது என்று நமக்குச் சொல்லித் தந்தது யார்? பெரும்பாலும் ஒரு வகுப்பு மேலே படித்த அண்ணா, அக்கா, அல்லது ரியூசன் சேர். இது நல்ல வழிதான். ஒரு குறை மட்டும் உண்டு: அவருக்குத் தெரிந்த அளவே நமக்கு வரும், அவர் விட்ட பிழையும் சேர்ந்தே வரும். ஒரு வகுப்பில் ஒருவராவது கைநூலை முழுக்கப் படித்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

படகில் உள்ள கல்குலேட்டர்

ஜி.பி.எஸ். கருவியும் ஒரு கணிகருவிதான். ஒரே இடத்தை மூன்று விதமாக அது எழுதும்: பாகையும் தசமமும், பாகையும் நிமிடமும் தசமமும், பாகை நிமிடம் விநாடி. இங்கேதான் வினை. ஒருவர் 9° 06.50′ என்று இடம் சொல்கிறார். மற்றவர் அதை 9° 06′ 50″ என்று பதிகிறார். 0.50 நிமிடம் என்றால் 30 விநாடி. ஆக 20 விநாடி கூடிவிட்டது. அகலாங்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். 20 விநாடி ஏறத்தாழ 617 மீற்றர். போட்ட வலையைத் தேடி இருட்டில் அலைய இந்த வித்தியாசம் போதும். இரண்டு படகுகள் இடம் பரிமாறும் முன் இரு கருவிகளும் ஒரே முறையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

எல்லைக்கோடும் தசம நிமிடத்தில்தான்

1974ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தம் பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளைக் குறித்து அவற்றை இணைத்தே கடல் எல்லையை வரைந்தது. நான்காம் புள்ளி: வடக்கு 9° 21.80′, கிழக்கு 79° 30.70′. விநாடி முறையில் நிற்கும் கருவியில் இதை 21 நிமிடம் 80 விநாடி என்று பதிய முடியாது, 60க்கு மேல் விநாடி இல்லை. சரியான மாற்றம் 21 நிமிடம் 48 விநாடி. எல்லை தாண்டினால் படகும் தொழிலும் போகும் கடலில், கருவியின் அமைப்புப் பக்கத்தைப் படிப்பது குடும்பத்தைக் காக்கும் வேலை.

பழைய வரைபடம், புதிய கருவி

ஜி.பி.எஸ். இயல்பாகப் பாவிப்பது 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறையை. இலங்கையின் பழைய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கருவியில் இதைச் சரிசெய்யாமல் ஒன்றை மற்றதில் குறித்தால் சில நூறு மீற்றர் தள்ளிப் போகும். அந்த அமைப்பும் கைநூலில் உண்டு.

ஆள் விழுந்த இடம்

கடலுக்கான ஜி.பி.எஸ். கருவிகள் பலவற்றில் எம்.ஓ.பி. என்ற வசதி இருக்கிறது. ஒருவர் படகிலிருந்து தவறி விழுந்தால் உடனே அந்த விசையை அழுத்த வேண்டும். அந்தக் கணத்தில் படகு நின்ற இடத்தைக் கருவி பதிந்து, அங்கே திரும்பிப் போகும் வழியையும் காட்டும். சில கருவிகளில் அதற்குத் தனி விசை உண்டு, சிலவற்றில் ஒரு விசையை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆள் விழுந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விடயமில்லை இது. தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் இரவுத் தொழிலுக்குப் போகும் ஒவ்வொருவரும், கடைசித் தம்பி வரை, அந்த விசையைக் கரையிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சின் பீச்சும் நீர்

வெளியே பூட்டும் எஞ்சின் ஓடும்போது பின்னால் ஒரு சிறு துளையால் நீர் பீச்சும். குளிரூட்டும் நீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்கிறது கைநூல். கடலால் வந்ததும் நன்னீர் ஓட்டிக் கழுவச் சொல்கிறது. ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் நிறுத்தக் கயிற்றைப் பூட்டச் சொல்கிறது. அவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். மூன்றும் ஒரு சதச் செலவும் இல்லாத காரியங்கள்.

கட்டாயம் படித்தே ஆகவேண்டிய இயந்திரம்

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலை 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். முத்தின் செவ்வு வர்க்கத்தில் ஏறியது, காற்றின் வலு கனத்தில் ஏறுகிறது. இத்தகைய இயந்திரத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் நினைவை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது. எழுதிய ஒழுங்கின்படிதான் ஒவ்வொரு படியும் நடக்க வேண்டும்.

ஒரே பக்கம் காப்பாற்றிய விமானம்

1935 ஒக்டோபர் 30இல் அமெரிக்காவில் போயிங் 299 என்ற புது விமானம் பரீட்சார்த்தப் பறப்பில் விழுந்தது. காற்றில் ஆடாமல் வால்பகுதியைப் பூட்டி வைத்திருந்ததைப் பறக்குமுன் விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். அதன் பிறகு விமானிகள் தடித்த புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை. ஒரு சிறு சரிபார்ப்புப் பட்டியலை எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை உலகெங்கும் விமானங்கள் அதை வாசித்த பிறகே எழுகின்றன.

தமிழில் முடியாதா?

முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 4,000 பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் உருவாக்கினார். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இலங்கையின் ஆட்சிமொழியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் நம் கைக்கு வரும் பல கருவிகளின் தாளில் தமிழைக் காணோம். உயிரோடு சம்பந்தப்பட்ட எஞ்சினுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்குமாவது தமிழில் ஒரு பக்கக் குறிப்பைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கடையில் கேட்போம், மீனவர் சங்கங்கள் வழியாகவும் கேட்போம். வரும்வரை, ஆங்கிலம் தெரிந்த உயர்தரப் பிள்ளைகள் தம் ஊர்ப் படகுகளுக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுக்கலாம்.

தொலைந்த கைநூலை மீட்க

பெட்டியோடு தாள் போய்விட்டதா? கருவியின் மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். காசியோ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இரண்டும் கைநூல்களைத் தங்கள் இணையத்தளங்களில் இலவசமாகத் தருகின்றன. தரவிறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுவதும் வேண்டாம், நான்கு இடங்கள் போதும்

எந்தக் கைநூலிலும் முதலில் படிக்க வேண்டியவை நான்கு. திரையில் தெரியும் குறிகள் எதைச் சொல்கின்றன? அலகையும் முறையையும் எங்கே மாற்றுவது? தவறினால் பழைய நிலைக்கு எப்படி மீள்வது? ஆபத்து நேரத்தில் அழுத்த வேண்டியது எது? உதாரணமாக எஃப்எக்ஸ்-991இஎஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி என்று வரிசையாக அழுத்தினால் எல்லா அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். படித்ததை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதிக் கல்குலேட்டர் உறைக்குள் செருகுங்கள், படகென்றால் நனையாத உறையிலிட்டுக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்து அதைப் பாவிக்கப்போகும் தம்பிக்கும் தங்கைக்கும் அதுவே முதல் கைநூல்.